மூலனூரில் பயிர், தீவில் களை

தாராபுரத்திலிருந்து மூலனூர், கன்னிவாடி, அரவக்குறிச்சி என்று நீளும் வறண்ட செம்மண் பூமியில் கண்வலிக்கிழங்கு ஒரு பணப்பயிர். ஆடிப் பட்டத்தில் கிழங்கை ஊன்றி, புரட்டாசி, ஐப்பசியில் பூ பிடித்து, தை, மாசியில் காய் பறித்து, உள்ளே இருக்கும் சிவப்பு விதையை உலர்த்தி வியாபாரியிடம் கொடுத்தால் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் பணம். பத்திரிகைகள் இதைச் செங்காந்தள் என்று எழுதும். ஈழத்தில் கார்த்திகைப்பூ. சங்கப் பாடல்களில் பெண்களின் விரலுக்கு உவமை சொல்லிச் சொல்லித் தீராத காந்தள் இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் இதே செடி களை. நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்திலும் கடலோர மணல்மேடுகளில் தன்னார்வலர்கள் கையுறை மாட்டிக்கொண்டு இதைத் தோண்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துகிறார்கள், மருந்தடிக்கிறார்கள். பசிபிக்கில் குக் தீவுகள், பிரெஞ்சு பாலினீசியா, கிரிபாட்டி, இந்தப் பக்கம் சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் அழகுக்காகக் கொண்டுபோன இந்தக் கொடி வேலி தாண்டிப் போய் ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் ஏறிவிட்டது.

நம் மாநில மலரைப் போய்க் களை என்கிறார்களே என்று இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் பிடுங்குவது சரிதான். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறு. மூலனூர் விவசாயிக்கு இந்தச் செடியில் எதெல்லாம் தலைவலியோ, கிட்டத்தட்ட அதெல்லாமே மணல்மேட்டில் அந்தச் செடிக்குச் சௌகரியமாகிவிடுகிறது. அது எப்படி என்று பார்த்தால், ஓர் அழகுக்கொடி எந்த ஊரில் அடங்கிக் கிடக்கும், எந்த ஊரில் தலைக்கு மேல் ஏறும் என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ஒரு பூவுக்கு ஆறு வாசல்

செடியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பாகலுக்கும் பீர்க்கனுக்கும் பற்றுக்கம்பி தண்டிலிருந்து தனியாக வரும். கண்வலிக்கொடிக்கு அப்படி இல்லை. ஒவ்வோர் இலையின் நுனியே மெலிந்து நீண்டு சுருண்டு பக்கத்தில் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். கிளுவை முள்ளோ, விராலிக் கிளையோ, கட்டிய கம்பியோ எதுவானாலும் அதற்குச் சம்மதம். கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்து வேலிகளில் முள்கிளுவையைப் பிடித்து ஏறி, மழைக்காலத்தில் திடீரென்று பூத்து நிற்பது இப்படித்தான். பயிராக வைப்பவர்களும் முதலில் கிளுவையையும் விராலியையும்தான் பந்தலாகப் பயன்படுத்தினார்கள். இப்போது பலரும் கம்பிக்கு மாறிவிட்டார்கள்.

பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும், ஓரமெல்லாம் நெளிவு. முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு மகரந்தத் தாள்கள் ஆறு திசையில் விரிந்து நிற்கும். இத்தனை ஒழுங்காக அமைந்த பூவில் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்கு தவறியது: சூல்தண்டு. அது கீழ்நோக்கி நேராக இறங்காமல், அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாகப் போய்விடும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் பூவைக் கவனித்த ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு விவரத்தை வெளியிட்டார்கள். அங்கே மகரந்தம் பூவிலிருந்து பூவுக்குப் போவது வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில் ஒட்டிக்கொண்டு. தேன் இருப்பது ஒவ்வோர் இதழின் அடியில். ஆக, பூச்சி நுழைய ஆறு வாசல் உண்டு, மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்தண்டின் நுனி, அதாவது சூல்முடி, நிற்பதோ ஒரு வாசலில்தான். வந்த பூச்சி சரியான வாசலில் படபடத்தால் காய், இல்லாவிட்டால் பூ உதிரும்.

காட்டுச் செடிக்கு இந்தக் கணக்கு போதும். இருபது பூவில் நாலு காய்த்தாலும் வம்சம் தழைத்துவிடும். விவசாயிக்கு அது கட்டாது. அவருக்குப் பூத்த பூவெல்லாம் காயாக வேண்டும். ஆகவே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் கையால் மகரந்தம் சேர்க்கச் சொல்கிறது. வரிசை வரிசையாக நடந்து, புதிதாக விரிந்த பூவைப் பார்த்து, மகரந்தத்தை எடுத்து அந்த மடங்கிய சூல்தண்டின் நுனியில் தொட்டு வைக்க வேண்டும். ஒரு கொடியில் எல்லாப் பூவும் ஒரே நாளில் விரிவதில்லை. பூக்காலம் முழுக்க, தினமும், வெயில் ஏறுவதற்குள் இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். இந்தப் பயிரின் கூலிச் செலவில் கனமான பகுதி இது. நூறுநாள் வேலையும் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியும் ஆளை இழுத்துக்கொண்டு போகும் பகுதியில், பூக்காலத்தில் காலை நேரத்துக்கு ஆள் பிடிப்பது லேசான காரியம் அல்ல.

மணல்மேட்டில் தானாக முளைத்த கொடிக்கு இந்தச் செலவு கிடையாது. ஏதோ ஒரு பூச்சி எப்போதோ வந்து சில பூக்கள் காயானால் போதும். ஒரு காய்க்குள் டஜன் கணக்கில் விதை இருக்கிறது. காய் வெடித்தால் விதை செக்கச்செவேல் என்று சதைப்பற்றோடு பிதுங்கி நிற்கும், பறவைக்குப் பழம் என்றே தோன்றும். தின்று, பறந்து, வேறோர் இடத்தில் போட்டுவிடும்.

கிழங்கின் நுனி

அடுத்த தலைவலி கிழங்கு. கலப்பை வடிவத்தில் இரண்டு கையாகப் பிரிந்து, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கும். கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வது அதனால்தான். முளைக்கண் இருப்பது ஒவ்வொரு கையின் நுனியில் மட்டும். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கிறதே, அந்த வசதி இதற்கில்லை. நுனி ஒடிந்தால் அந்தக் கை வெறும் சதை, நட்டாலும் முளைக்காது. ஆகவே விதைக்கிழங்கு வாங்குபவர் முதலில் பார்ப்பது நுனியைத்தான். தோண்டும்போதும் மூட்டை கட்டும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் பயம்.

விதை போட்டு வளர்க்கலாமே என்று தோன்றும். வளர்க்கலாம். ஆனால் விதை முளைக்கவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். முளைத்தது பூக்கும் அளவுக்குக் கிழங்கு கட்ட மூன்று நான்கு ஆண்டு ஆகும். கடன் வாங்கிப் பயிர் வைப்பவர் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. எனவே விலை கொடுத்துக் கிழங்கு வாங்குகிறார். பண்படுத்தாத நிலத்தில் தானாக முளைக்கும் செடிக்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. மூன்று ஆண்டு என்ன, ஐந்து ஆண்டும் மண்ணுக்குள் கிழங்கைப் பெருக்கிக்கொண்டு கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு சுருங்கிப் போய் அதன் இடத்தில் புதுக் கிழங்கு உண்டாகும். கொடி காய்ந்து மேலே ஒன்றுமே தெரியாத மாதங்களில் கீழே அது உயிரோடு இருக்கும்.

களை எடுப்பவர்களை அழவைப்பது இதுதான். கொடியை அறுத்தால் மறு பருவத்தில் கிளம்பும். தோண்டினால் ஆழத்தில் ஏதாவது ஒரு கை ஒடிந்து நுனியோடு மண்ணிலேயே தங்கிவிடும். நம் விவசாயி ஒடியக்கூடாது என்று பயப்படும் அதே நுனி, அவர்கள் கைக்குச் சிக்காமல் போய் மறுபடி முளைக்கிறது. குளிர்காலத்தில் செடி இருக்கும் இடமே தெரியாது, மருந்தடிப்பதானால் இலை இருக்கும் மாதங்களுக்குள் அடித்தாக வேண்டும். ஓர் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அங்கே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண் விஷயமும் அப்படியே. தண்ணீர் தேங்கினால் கண்வலிக்கிழங்கு அழுகிவிடும். வடிகால் நன்றாக உள்ள செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும்தான் அதற்குப் பிடித்தது. கொங்கு நாட்டின் மழைமறைவுப் பூமி அதற்குப் பொருந்துவது அதனால்தான். தமிழ்நாட்டில் மூலனூரை விட்டால் இந்தப் பயிருக்குப் பேர்போன இன்னொரு இடம் வேதாரண்யம், கடலோர மணல். வேதாரண்யத்து மணலில் செழிக்கும் கிழங்குக்குக் குயின்ஸ்லாந்து மணல்மேடும் கிரிபாட்டியின் பவளத்தீவு மணலும் அந்நியமாகத் தெரியுமா?

கடல் தாண்டிய கிழங்கும் தாண்டாத புழுவும்

இந்தச் செடி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் இயற்கையாகவே வளர்கிறது. ஜிம்பாப்வேக்கும் இதுவே தேசிய மலர். 1947-இல் அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போன இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூ வடிவில் வைர நகை செய்து கொடுத்தார்கள். லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் குளோரியோசா சூப்பர்பா. இரண்டு சொல்லுமே புகழ்ச்சிதான், அவரும் மயங்கியிருக்கிறார். ஐரோப்பாவின் கண்ணாடிவீடுகளில் வளர்த்து, அங்கிருந்து காலனி நாடுகளின் தோட்டங்களுக்குப் போய், வீட்டுக்கு வீடு கைமாறிப் பரவியது. கிழங்கைக் காயவைத்து ஒரு பையில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது. கப்பலில் அனுப்ப இதைவிட வசதியான செடி ஏது?

ஆஸ்திரேலியாவில் அது தோட்டத்தை விட்டு வெளியேறிய வழி மிகச் சாதாரணமானது. கடற்கரை வீட்டுக்காரர்கள் தோட்டக் குப்பையைப் பின்புறத்து மணல்மேட்டில் கொட்டினார்கள், குப்பையோடு கிழங்கும் போனது. பறவைகளும் தம் பங்குக்கு விதையைக் கொண்டுபோயின. அந்த மணல்மேடுகளும் ஏற்கெனவே கலைந்து கிடந்தவை. கடலோர மணலில் கனிமம் தோண்டியிருந்தார்கள். தோண்டிய மேட்டை நிலைப்படுத்த நியூ சவுத் வேல்ஸில் 1946 முதல் 1968 வரை தென்னாப்பிரிக்கப் புதர் ஒன்றை அரசே நட்டது. பிட்டூ என்று அதற்குப் பெயர். பிறகு அந்தப் பிட்டூவே பெருங்களையாகி, அதை ஒழிப்பது பெரிய வேலையானது. ஒன்றை ஒழித்துக் காலியான இடத்தில் மண்ணுக்குள் கிழங்கோடு காத்திருக்கும் கொடி கிளம்புவதில் ஆச்சரியம் இல்லை. சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு நிலத்தை அப்படியே விட்ட நம் ஊர்க் குளங்களில் அடுத்த மழைக்கு என்ன முளைத்தது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆடு தின்று அடக்கிவிடாதா என்ற கேள்வி கொங்கு நாட்டில் உடனே எழும். இங்கே பல செடிகளை மட்டம் தட்டி வைத்திருப்பது ஆடுதான். ஆனால் கண்வலிக்கொடியில் ஆட்டை நம்ப முடியாது. இலை, தண்டு, கிழங்கு, விதை எல்லாவற்றிலும் கொல்சிசின் என்ற விஷம் இருக்கிறது, மேய்ந்த கால்நடை செத்த சம்பவங்களும் உண்டு. மனிதருக்கும் அதே கதிதான். சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், அப்புறம் ரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிரும். உயிரணு பிரிவதை நிறுத்துவது கொல்சிசினின் வேலை, ஆகவே உடம்பில் வேகமாகப் பிரியும் அணுக்கள் எல்லாம் முதலில் அடிவாங்கும்.

விலை கிடைப்பதும் இந்த விஷத்துக்குத்தான். கீல்வாத வலிக்கு ஐரோப்பா நெடுங்காலமாகக் கொல்சிசினைப் பயன்படுத்தி வருகிறது. நம் ஊர் விதை ஏற்றுமதியாவது முக்கியமாக அந்த மருந்துக்கும், தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் அதன் உறவு மருந்துக்கும். மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கக் குறைந்த அளவில் இதைக் கொடுக்க அமெரிக்கா 2023-இல் அனுமதித்தது. பயிர் ஆராய்ச்சியில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்க 1937-இலிருந்து பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி உருவானதற்குப் பின்னால் இந்தக் கொல்சிசின் இருக்கிறது.

சரி, இத்தனை விஷத்தையும் மீறி இதைத் தின்ன ஓர் உயிர் உண்டு. கரிய உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளி போட்ட புழு. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் குட்டி அது. பெயரிலேயே இந்தச் செடியின் பெயர் இருக்கிறது. பயிர் வைத்தவர்களிடம் கேட்டால் முதலில் அதைத்தான் திட்டுவார்கள். ஒரு கூட்டம் இறங்கினால் இலையை மொட்டையடித்துவிடும், இலை போனால் அந்த ஆண்டுக் கிழங்கு தேறாது. அதற்காக மருந்தடிக்கிறார்கள். கிழங்கழுகலுக்கும் இலைக்கருகலுக்கும் தனியாக அடிக்கிறார்கள்.

புழு இந்தியா, இலங்கைப் பக்கத்தது. தோட்டக்காரர்கள் கிழங்கைக் கழுவி உலர்த்திக் கப்பலேற்றியபோது புழு அதோடு சேர்ந்து போகவில்லை. பிறந்த ஊரில் ஒரு செடியை மட்டுப்படுத்தி வைத்திருக்கும் பூச்சியும் நோயும் புதிய ஊரில் இல்லாமல் போவதுதான் ஆக்கிரமிப்புக்கு முதல் காரணம் என்று சூழலியலாளர்களில் பலர் சொல்கிறார்கள். எல்லாச் செடிக்கும் இந்த விளக்கம் பொருந்துவதில்லை. கண்வலிக்கிழங்குக்கு நன்றாகவே பொருந்துகிறது. என்னைக் கேட்டால், இதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன். நம் ஊரில் இந்தச் செடிக்குப் பெரிய எதிரி கடப்பாரை. வேலியில் ஒரு கொடி பூத்தால் அதன் அடியில் காசு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மலையடிவாரங்களிலும் காட்டோரங்களிலும் தோண்டித் தோண்டி விற்றே காட்டுச் செடிகள் அருகிப்போயின. பயிராக்கியதால் அந்த நெருக்கடி கொஞ்சம் குறைந்தது.

தீவு என்றால் ஏன் கூடுதல் ஆபத்து

பசிபிக் தீவுகளில் கண்வலிக்கொடிதான் முதல் வில்லன் என்று சொன்னால் மிகை. அங்கே மரத்தையே மூடும் முரட்டுக் கொடிகள் வேறு இருக்கின்றன, இது நடுத்தரப் பிரச்சினை. ஓர் அழகுக்கொடி ஒரு தீவை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்று பார்க்க வேறு செடிக்குப் போக வேண்டும். அந்தச் செடி கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் காம்பவுண்டு சுவர்களில் எத்தனையோ பேர் வைத்திருப்பதுதான்: கொடி ரோஜா. இதய வடிவ இலை, கொத்துக்கொத்தாக இளஞ்சிவப்புப் பூ, எப்போதும் தேனீ மொய்க்கும். பூங்கொத்தின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும். மெக்சிகோவிலிருந்து வந்தது. ரோஜாவுக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

கரீபியனில் செயின்ட் யூஸ்டேஷியஸ் என்று ஒரு குட்டித் தீவு, மொத்தமே சுமார் 21 சதுர கிலோமீட்டர். நெதர்லாந்துக்குச் சொந்தம். 18ஆம் நூற்றாண்டில் வரியில்லாத் துறைமுகமாகப் பணம் கொழித்த இடம், தோட்டப்பயிருக்காகக் காட்டை வெட்டித் தள்ளினார்கள். வியாபாரம் போனது, விவசாயமும் போனது. நிலம் தரிசானது, ஆடும் மாடும் கட்டவிழ்த்து மேய்ந்தன. அழகுக்கு வைத்த கொடி ரோஜா அந்தத் தரிசில் இறங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த மதிப்பீட்டில் தீவின் பரப்பில் 15 முதல் 20 சதவீதம்வரை அது பரவியிருந்தது. அதற்கும் மண்ணுக்குள் கிழங்கு உண்டு, அறுத்தாலும் எரித்தாலும் திரும்ப வரும். விதையைச் சுற்றிய காகிதம் மாதிரியான உறை தண்ணீரில் மிதக்கும், ஓடையில் வெள்ளம் வந்தால் விதையும் கூடவே ஊர்வலம் போகும்.

அதே தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உள்ளூர்க் கொடி இருக்கிறது. ஐப்போமியா ஸ்பீனோபில்லா, நம் தாளிக்கீரை, சர்க்கரைவள்ளி வகையறா. தீவின் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. மூலனூரில் ஒரு வேலியை ஏதோ ஒரு கொடி மூடிவிட்டால், அங்கே இருந்த செடி அரவக்குறிச்சியிலும் ஒட்டன்சத்திரத்திலும் இருக்கும், மறுபடி வந்துவிடும். 21 சதுர கிலோமீட்டரில் மட்டும் வாழும் செடிக்குத் திரும்பி வர வேறு ஊர் கிடையாது. கடல் நடுவே ஒதுங்கி வளர்ந்ததால் தீவுகளில் செடி வகைகளும் குறைவு, காலியிடம் அதிகம். புயல் அடித்து மரம் சாய்ந்தால் வெளிச்சம் விழுந்த இடத்தை முதலில் பிடிப்பது கொடிதான். இருக்கும் நிலத்தில் வீடு, தென்னந்தோப்பு, சாலை எல்லாம் கடற்கரை ஓரமாகவே நெருங்கி இருப்பதால், தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே தூரமே இல்லை.

கொடி ரோஜா கொங்குச் சுவர்களில் அடங்கியிருப்பது ஏன்? மழை குறைவு, கோடை நீளம், சுவர் தாண்டினால் ஆடு, ஆடு தாண்டினால் வெட்டுக்கத்தி. மூன்றில் எது தளர்ந்தாலும் கதை மாறும். வீடு பூட்டிக் கிடந்து, பின்னால் சாக்கடைத் தண்ணீர் ஓடும் மனைகளில் அது மின்கம்பம்வரை ஏறி நிற்பதைக் கோவைப் புறநகரில் பார்க்கலாம். நொய்யல் ஓரத்தில் ஆண்டு முழுக்க ஈரம் இருக்கும் கரைகளைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன், வறண்ட காட்டை அல்ல.

கொங்கு நாட்டுக்குள்ளும் தீவுகள் உண்டு, சுற்றிலும் கடலுக்குப் பதில் சமவெளி. நீலகிரி, ஆனைமலையின் உச்சிச் சோலைகள் அப்படிப்பட்டவை. கீழே உள்ள செடி மேலே வாழாது, மேலே உள்ளது கீழே இறங்காது. ஊட்டியில் தாட்பூட் பழம் வாங்கித் தின்றிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தில், வாழைப்பழம் மாதிரி நீண்ட பழமும் இளஞ்சிவப்புப் பூவும் உள்ள ஒரு தென்னமெரிக்க வகை நீலகிரியில் வேலிகளிலும் காட்டோரங்களிலும் ஏறிக் கிடக்கிறது. 1920-களில் ஹவாய்க்கு அழகுக்காகப் போனதும் அதுவே. அங்கே மலைக்காட்டு மரங்களின் மேல் போர்த்திக்கொண்டது, பழத்தைத் தின்ற காட்டுப்பன்றிகள் விதையைப் பரப்பின. 1996-இல் ஒரு பூஞ்சையைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பல இடங்களில் அதன் கொட்டம் அடங்கியது. ஒரு தீவில் அப்படி நடந்துகொண்ட கொடியை நம் மலையில் பழத்துக்காகச் செல்லம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அழகுச்செடி ஆக்கிரமிப்புச் செடியாவதற்குக் கொங்குக்காரர்களுக்குப் புது உதாரணம் தேவையே இல்லை. சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் சாலையில் இரு பக்கமும் அடைத்து நிற்கும் உன்னிச்செடி, 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பூவுக்காக வந்தது. இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முதுமலையில் மஞ்சளாகப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் அழகுக்கு நட்டதுதான். அதை வெட்டிக் கரூர் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்புகிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு இத்தகைய செடிகளை அகற்றத் தனியாக ஒரு கொள்கையே வெளியிட்டது. கொள்கை காட்டைப் பற்றியது. நர்சரிகளில் எந்தக் கொடி விற்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு புதுக் கொடியை வாங்குமுன் அது ஏதாவது தீவில் களையாக இருக்கிறதா என்று கைபேசியில் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். தீவில் அட்டகாசம் செய்தது எல்லா ஊரிலும் செய்யும் என்பதில்லை, ஆனால் தண்ணீரும் நிழலும் உள்ள இடத்துக்கு அதைக் கொண்டுபோகாமல் இருக்க அந்தத் தகவல் போதும்.

இந்த ஆஸ்திரேலியக் கதையை மூலனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் சொன்னபோது அவர் மாநில மலருக்காகவும் வருத்தப்படவில்லை, மணல்மேட்டுக்காகவும் வருத்தப்படவில்லை. "ஏனுங்க, அங்க அது சும்மா கெடக்குதுன்னா அள்ளியாந்து வித்துப்போட மாட்டாங்களா? அப்பறம் நம்ம வெல என்னாகறதுங்க?" என்றார்.

நியாயமான பயம், ஆனால் நடக்காது. மணல்மேட்டுக் கொடியில் பத்துப் பூவுக்கு ஒன்றிரண்டுதான் காய்க்கும் என்றால், அந்தக் காயைத் தேடிப் பொறுக்கி, உலர்த்தி, விதை பிரிக்க ஆஸ்திரேலியக் கூலியில் ஆகும் செலவுக்கு முன்னால் நம் விதை விலை ஒன்றுமே இல்லை. களைக்கொல்லி அடித்த இடத்து விதையை மருந்துக் கம்பெனி வாங்காது. அங்கே சட்டமும் இந்தச் செடியைப் பெருக்குவதற்குச் சாதகமாக இல்லை. மூலனூரில் விலை ஏறுவதும் விழுவதும் அறுவடை நேரத்தில் எத்தனை வியாபாரிகள் வாங்க வருகிறார்கள், ஏற்றுமதிக்காரர் கையில் பழைய இருப்பு எவ்வளவு, போன ஆண்டு விலையைப் பார்த்து எத்தனை பேர் புதிதாக நட்டார்கள் என்பதை வைத்துத்தான். குறைந்தபட்ச விலை நிர்ணயித்து அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதான் தெரியுமுங்களே" என்று சொல்லிவிட்டு, ஆஸ்திரேலியாவில் அந்தப் புழு இல்லை என்பது மட்டும் நிஜமா என்று மறுபடியும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.